‘கதை வந்திருக்கு!’ - சின்ன வெற்றிகளும் வீட்டின் அந்த ஒரு மணி நேரமும்

இரவு 9.40 மணி. அரைத்த மாவை டப்பாவுக்கு மாற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் செல்போனில் ஒரு மெயில். ‘தங்கள் சிறுகதை அடுத்த இதழில் இடம்பெறுகிறது. நன்றி.’ இரண்டே வரிதான். கை முழுக்க மாவு. ஸ்க்ரீனில் அப்பினால் அப்பட்டும் என்று அதையே நாலைந்து முறை படிக்கத் தோன்றும். ஹாலுக்கு ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னால், பெரும்பாலான வீடுகளில் வரும் பதில் இதுதான்: “சூப்பர்! எவ்ளோ தருவாங்க?”

கேட்டவர் மேல் தப்பில்லை. மாசக் கடைசி, இஎம்ஐ, ஸ்கூல் ஃபீஸ் என்று ஓடும் வீட்டில் எந்த வேலைக்கும் முதலில் கேட்கப்படும் கேள்வி அது. ஆனால் எழுதியவர் எதிர்பார்த்த கேள்வி அது இல்லை. “என்ன கதை?” என்று யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் மனசு ஏங்கும்.

பகல் முழுக்க ஐடி கம்பெனியிலோ வங்கியிலோ பள்ளிக்கூடத்திலோ இருந்துவிட்டு, வீட்டில் எல்லாரும் தூங்கியபின் லேப்டாப்பைத் திறக்கிறவர்கள் நம்மைச் சுற்றி நிறையவே இருக்கிறார்கள். இணைய இதழில் ஒரு கவிதை, வார இதழில் ஒரு பக்கக் கதை, ஏதோ ஒரு போட்டியில் ஆறுதல் பரிசு. வெற்றிகள் சின்னவைதான். அதற்காகப் போன நேரம் சின்னதில்லை. அந்த நேரம் எங்கிருந்து வருகிறது, யாருடைய பங்கிலிருந்து வருகிறது என்பதில்தான் வீட்டுக்கும் எழுத்துக்குமான சண்டையும் சமாதானமும் இருக்கிறது.

முதலில் பணக் கணக்கு

‘எவ்ளோ தருவாங்க?’ என்ற கேள்விக்கு நேர்மையான பதிலைச் சொல்லிவிடலாம். அச்சு இதழ்கள் கதைக்குச் சன்மானம் தருவது உண்டு. இணைய இதழ்களில் பெரும்பாலானவை தருவதில்லை. அவற்றை நடத்துபவர்களே கைக்காசைப் போட்டு நடத்துகிறார்கள் என்பதால் கோபித்துக்கொள்ளவும் முடியாது.

சரி, கதைகள் சேர்ந்து புத்தகமாகிறது என்று வையுங்கள். ராயல்டி 10% என்று பேசிக்கொள்கிறார்கள். புத்தகத்தின் விலை ரூ.200 என்றால் ஒரு பிரதிக்கு எழுத்தாளருக்கு ரூ.20. இப்போது ‘பிரிண்ட் ஆன் டிமாண்ட்’ வந்துவிட்டதால் தேவைக்கேற்ப ஐம்பது, நூறு என்றுகூட அச்சடிக்கிறார்கள். எல்லாம் நல்லபடியாகப் போய் 300 பிரதி விற்றால் ரூ.6,000. அந்தத் தொகுப்பை எழுத இரண்டு வருடம், தினமும் ஒரு மணி நேரம் ஆனது என்றால் மொத்தம் 730 மணி நேரம். வகுத்துப் பார்த்தால் மணிக்கு 8 ரூபாய் சொச்சம். டீக்கடையில் ஒரு டீ கூட வராது.

பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு, புத்தக ராயல்டியில் ரூ.3 லட்சம் வரை வரிக்கழிவு கேட்க வழியிருக்கிறது. புதிய முறையில் அது கிடையாது. ஆனால் முதல் புத்தகம் போட்டவருக்கு 3 லட்சம் ராயல்டி வருமா என்பது வேறு கதை.

ஆக, பணத்தை வைத்து இந்த ஒரு மணி நேரத்தை வீட்டில் நியாயப்படுத்தவே முடியாது. ‘ஒருநாள் பெருசா வரும்’ என்று வாக்குக் கொடுப்பது அதைவிட ஆபத்து. வராவிட்டால், எழுத்தின் மேல் இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் வீட்டில் போய்விடும்.

மணியார்டர் செய்த வேலை

பணம் சின்னது என்பது புதிய விஷயமல்ல. அந்தக் காலத்திலும் அப்படித்தான். ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது. பத்திரிகையில் கதை வந்தால் சன்மானம் மணியார்டரில் வரும். மதிய நேரத்தில் தபால்காரர் வாசலில் வந்து பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். கையெழுத்து வாங்கிக்கொண்டு நோட்டை எண்ணித் தருவார். அம்மா பார்ப்பார், பாட்டி பார்ப்பார், பக்கத்து வீட்டு மாமி ‘என்ன விசேஷம்?’ என்று எட்டிப் பார்ப்பார். பதினைந்தோ இருபதோ, தொகை முக்கியமில்லை. ‘இவன் ராத்திரி முழுக்க விளக்கைப் போட்டுக்கிட்டு ஏதோ கிறுக்குறானே’ என்று நினைத்திருந்த வீட்டுக்கு, அந்தக் கிறுக்கலுக்கு வெளியே ஒரு மதிப்பு இருக்கிறது என்று தெரிந்த தருணம் அது.

இப்போது பணம் நேராக அக்கவுன்டுக்குப் போகிறது. கதை லிங்க்காக வருகிறது. ஃபேமிலி குரூப்பில் போட்டால் மூன்று கட்டைவிரல், ஒரு பூங்கொத்து. சித்தப்பா ஒருவர் மட்டும் அதற்குக் கீழேயே காலை வணக்கம் படத்தைப் போட்டுவிட்டுப் போவார். லிங்க்கை யாராவது திறந்தார்களா என்பது யாருக்கும் தெரியாது.

சின்ன வெற்றியின் உண்மையான மதிப்பு இங்கேதான் இருக்கிறது. அது வாங்கித் தருவது பணத்தை அல்ல, அனுமதியை. ‘சும்மா உக்காந்திருக்கா’ என்பது ‘எழுதிட்டு இருக்கா, கூப்பிடாதே’ என்று மாறும் இடம் அது. அந்த மாற்றம் தானாக நடப்பதில்லை. முன்பு தபால்காரர் செய்த வேலையை இப்போது எழுதுபவரேதான் செய்ய வேண்டியிருக்கிறது. வெளியான கதையைப் பிரிண்ட் எடுத்து அப்பாவின் மேசையில் வைப்பது கொஞ்சம் பழைய பாணியாகத் தெரியலாம். லிங்க்கைவிட அது நன்றாக வேலை செய்யும்.

சலவை அறையில் ஒரு டைப்ரைட்டர்

இந்த அனுமதி விஷயத்தில் உலகத்துக்கே தெரிந்த ஒரு கதை அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் நடந்தது. 1970-களின் தொடக்கம். ஸ்டீபன் கிங் அப்போது ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியர், வருடச் சம்பளம் 6,400 டாலர். மனைவி டாபிதாவுக்கு டோனட் கடையில் ஷிப்ட் வேலை. இரண்டு சின்னக் குழந்தைகள். வீடு என்பது ஒரு டிரெய்லர். அதன் சலவை அறையில், குழந்தைகள் எழுதும் சின்ன மேசையைத் தொடையில் வைத்துக்கொண்டு கிங் டைப் அடிப்பார். அடித்தது ஆண்களுக்கான பத்திரிகைகளுக்குத் திகில் கதைகள்.

அந்தக் கதைகளுக்கு வந்த காசோலைகள் வீட்டில் என்ன செய்தன என்பதை கிங் தன் ‘ஆன் ரைட்டிங்’ புத்தகத்தில் சொல்லியிருக்கிறார். ஒருமுறை மகளுக்குக் காதில் தொற்று, மருந்து வாங்கவேண்டும், கையில் காசில்லை. வீட்டுக்குத் திரும்பிவந்தபோது ஒரு கதைக்கு 500 டாலர் காசோலை வந்திருந்தது. அதுவரை ஒரு கதைக்கு அவருக்குக் கிடைத்ததில் அதுதான் பெரிய தொகை. நம்மூர் மணியார்டரின் அண்ணன் என்று சொல்லலாம்.

‘கேரி’ நாவலின் முதல் சில பக்கங்களை கிங் குப்பைக் கூடையில் போட்டதும், டாபிதா அதை எடுத்துப் படித்துவிட்டு ‘மேலே எழுது’ என்று சொன்னதும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். பணமில்லாமல் வீட்டு போனைத் துண்டித்திருந்ததால், நாவலை ஏற்றுக்கொண்ட செய்தி தந்தியாக வந்தது. டாபிதா பக்கத்து வீட்டுக்குப் போய், அங்கிருந்து கணவரின் பள்ளிக்கு போன் செய்து அதைப் படித்துக் காட்டினார். முன்பணம் 2,500 டாலர். 1973 மே மாதம் பேப்பர்பேக் உரிமை 4 லட்சம் டாலருக்குப் போனது, அதில் பாதி கிங்குக்கு.

ஆனால் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் தாண்டிப்போகும் ஒரு விவரம் இருக்கிறது. சலவை அறையில் இருந்த அந்த ஒலிவெட்டி டைப்ரைட்டர் டாபிதாவுடையது. அவரும் எழுதுகிறவர். இருவரும் பழகியதே கல்லூரியில், எழுத்து சம்பந்தப்பட்ட வட்டத்தில்தான். டாபிதாவின் முதல் நாவல் ‘ஸ்மால் வேர்ல்ட்’ வந்தது 1981-ல். ‘கேரி’ வெளியான 1974-க்கும் அதற்கும் நடுவே ஏழு வருடம். ஒரு வீட்டில் எழுதுகிறவர்கள் இரண்டு பேர், டைப்ரைட்டர் ஒன்று, குழந்தைகள் இரண்டு என்றால் முதலில் யார் உட்கார்வது?

289 நிமிடமும் 88 நிமிடமும்

தமிழில் முழுநேர எழுத்தாளர்கள் எப்போதுமே குறைவு. சுஜாதா பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளர். வண்ணதாசன் ஸ்டேட் வங்கி ஊழியர். இமையம் பள்ளி ஆசிரியர். ‘ஆபீஸ் முடிஞ்சு வந்து எழுதினார்’ என்பது நம் இலக்கிய வரலாற்றில் திரும்பத் திரும்ப வரும் வாக்கியம். அந்த வாக்கியத்துக்குள் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. ஆபீஸ் முடிந்து வந்து எழுத உட்கார்ந்தவருக்குச் சாப்பாடு யார் போட்டார்கள், பாத்திரம் யார் தேய்த்தார்கள், காய்ச்சலில் அழுத பிள்ளையை யார் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார்கள்?

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024-ல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிடுவது ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம். அதே வேலைகளில் ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடம். வித்தியாசம் மூன்று மணி நேரத்துக்கும் மேல். 2019 கணக்கெடுப்பில் பெண்களுக்கு 299, ஆண்களுக்கு 97. ஐந்து வருடத்தில் பெண்களுக்குப் பத்து நிமிடம் மிச்சமாகியிருக்கிறது. ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் மிச்சமாகியிருக்கிறது! அதனால் இடைவெளி கிட்டத்தட்ட அங்கேயேதான் நிற்கிறது.

அதனால்தான் எழுதும் பெண்களின் கதையில் ‘எப்போது எழுதினார்?’ என்பது இவ்வளவு முக்கியமான கேள்வியாக இருக்கிறது. டோனி மாரிசன் விவாகரத்துக்குப் பிறகு இரண்டு மகன்களோடு தனியாக, பதிப்பகத்தில் எடிட்டர் வேலையும் பார்த்துக்கொண்டு எழுதியவர். விடியும் முன்னே எழுந்து, பிள்ளைகள் ‘அம்மா’ என்று கூப்பிடுவதற்குள் எழுதியதுதான் அவருடைய நேரம். முதல் நாவல் ‘தி புளூயஸ்ட் ஐ’ 1970-ல் வந்தபோது அவருக்கு 39 வயது. நோபல் பரிசு 1993-ல்.

கொல்கத்தாவில் பிறந்த ஆஷாபூர்ணா தேவிக்குப் பள்ளிக்கூடமே கிடையாது. பெண் பிள்ளைகளை அனுப்பும் வழக்கம் வீட்டில் இல்லை. சகோதரர்கள் படிப்பதைப் பார்த்தே எழுத்துக் கற்றவர், 1922-ல் தன் 13 வயதில் ஒரு சிறுவர் பத்திரிகைக்குக் கவிதை அனுப்பினார். அது அச்சானது மட்டுமல்ல, ‘இன்னும் அனுப்பு’ என்று பத்திரிகை கேட்டது. சின்ன வெற்றி என்றால் இதைவிடச் சின்னது இருக்க முடியாது. பதினைந்து வயதில் திருமணம், பிறகு முழுக் குடும்பப் பொறுப்பு. வீட்டு வேலை முடிந்து எல்லாரும் படுத்தபின் எழுதினார். 1976-ல் ஞானபீட விருது, அதைப் பெற்ற முதல் பெண். நடுவில் ஐம்பத்து நான்கு வருடம். இன்று ஒரு கதை திரும்பி வந்தால் ஒரு வாரம் மூட் அவுட் ஆகிறவர்கள் இந்த எண்ணைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

கழிவறையில் எழுதப்பட்ட கவிதைகள்

எல்லா வீடுகளும் ‘சூப்பர், எவ்ளோ தருவாங்க?’ என்று கேட்கும் வீடுகள் அல்ல. எழுதினாலே குற்றம் என்று நினைத்த வீடுகளும் இருந்தன, இருக்கின்றன.

திருச்சி மாவட்டம் துவரங்குறிச்சியில் வளர்ந்த கவிஞர் சல்மா, வயதுக்கு வந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவர். திருமணத்துக்குப் பிறகு எழுதுவதற்குப் புகுந்த வீட்டில் எதிர்ப்பு. இரவில் கழிவறைக்குள் போய் நின்றுகொண்டு, கிடைத்த தாளில் எழுதி, ஒளித்துவைத்து, தன் அம்மா மூலம் வெளியே அனுப்பினார். வீட்டுக்குத் தெரியாமல் இருக்கவே ‘சல்மா’ என்ற புனைபெயர். கவிதைகள் அச்சில் வந்தபோது அவரால் அதைச் சத்தம் போட்டுக் கொண்டாட முடியவில்லை. சின்ன வெற்றியை மறைத்துவைக்க வேண்டிய நிலை.

‘ஒரு மாலையும் இன்னொரு மாலையும்’ தொகுப்பு 2000-ல் வந்தது. ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ நாவல் 2004-ல். அதற்கு நடுவே, உள்ளாட்சித் தேர்தலில் பொன்னம்பட்டி பேரூராட்சி பெண்களுக்கு ஒதுக்கப்பட, 2001-ல் தலைவரானார். அவரைப் பற்றி கிம் லாங்கினாட்டோ எடுத்த ஆவணப்படம் 2013-ல் வந்தது. 2025-ல் மாநிலங்களவை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போது வந்த வேட்பாளர் அறிவிப்பில் இருந்த பெயர்: ரொக்கையா மாலிக் என்கிற சல்மா. வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று வைத்த பெயர்.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியவர் அவருடைய அம்மா. அவர் எழுதவில்லை. விருது வாங்கவில்லை. காகிதங்களை வீட்டு வாசலைத் தாண்டிக் கொண்டுபோனார். அதுவும் ஒரு வெளியீட்டு வேலைதான்.

‘இல்லத்தரசிக்கு நேரம் கிடைக்கிறது’

1961-ல் கனடாவின் ‘வான்கூவர் சன்’ நாளிதழ் ஓர் இளம் எழுத்தாளரைப் பற்றிச் செய்தி போட்டது. தலைப்பு, ‘இல்லத்தரசிக்குச் சிறுகதை எழுத நேரம் கிடைக்கிறது’ என்ற பொருளில். அந்த இல்லத்தரசி ஆலிஸ் மன்றோ. வானொலிக்கும் பத்திரிகைகளுக்கும் ஒவ்வொன்றாகக் கதை விற்றுக்கொண்டிருந்த காலம் அது. முதல் தொகுப்பு வந்தது 1968-ல், 37 வயதில். அதில் ‘தி ஆபீஸ்’ என்று ஒரு கதை உண்டு. வீட்டில் எழுத இடமில்லாமல் வெளியே ஒரு அறையை வாடகைக்கு எடுக்கும் குடும்பத் தலைவியும், அங்கேயும் அவரை நிம்மதியாக விடாத வீட்டு உரிமையாளரும்தான் கதை. 2013-ல் மன்றோவுக்கு நோபல் பரிசு.

மூத்த மகள் இரண்டு வயதுக் குழந்தையாக இருந்தபோது, டைப்ரைட்டர் பக்கம் வந்தால் ஒரு கையால் அவளைத் தள்ளிவிட்டு மறு கையால் டைப் அடித்ததை மன்றோவே பிற்காலத்தில் வருத்தத்தோடு நினைவுகூர்ந்திருக்கிறார். இதுவரை, ‘வீட்டையும் எழுத்தையும் சமாளித்த அம்மா’ என்று பத்திரிகைகள் எடுத்துக்காட்டக்கூடிய கதை. ஆனால் 2024 மே மாதம் மன்றோ இறந்து இரண்டு மாதத்தில், அவருடைய இளைய மகள் ‘டொரன்டோ ஸ்டார்’ நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார். மாற்றாந்தந்தை தன்னைச் சிறுவயதில் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தியதையும், அது தெரிந்தபிறகும் அம்மா அவருடனேயே வாழ்ந்ததையும் வெளிப்படையாகச் சொன்னார். அந்த நபர் 2005-ல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்.

அது எழுத்தால் வந்த துயரம் என்று சொல்ல முடியாது. ஆனால் ‘வீட்டைச் சமாளித்தார்’ என்று வெளியிலிருந்து யாரையும் மாடலாகத் தூக்கிவைப்பதற்கு முன், அந்த வீட்டில் இருந்தவர்களிடம் யாராவது கேட்டார்களா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. 1961-ல் அந்தத் தலைப்பைப் போட்டவர்கள் கேட்டிருக்க வாய்ப்பில்லை.

‘அந்தக் கதையில வர்ற மாமியார் யாரு?’

நேரத்துக்கு அடுத்த பிரச்சினை, கதையின் சரக்கு. முதல் கதைகள் பெரும்பாலும் வீட்டிலிருந்துதான் வரும். தாத்தாவின் கடன், அக்காவின் நின்றுபோன கல்யாணம், மாமியாரின் கிண்டல். டைரியில் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. இதழில் வந்தால் சொந்தக்காரர்கள் படிப்பார்கள். அதுவரை ஒரு கதைகூடப் படிக்காத அத்தை, இந்த ஒன்றை மட்டும் சரியாகப் படித்துவிடுவார்!

‘கற்பனைதான் அத்தை’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது. புடவை நிறம்வரை மாற்றாமல் எழுதியிருந்தால் யார் நம்புவார்கள்? அனுபவப்பட்டவர்கள் ஊர், உறவுமுறை, வயது ஆகியவற்றையாவது மாற்றிவிடுகிறார்கள். ஒருவருடைய நோய், பணம், திருமணம் போன்ற விஷயங்கள் அப்படியே வருகின்றன என்றால், அனுப்புவதற்கு முன்பே அவரிடம் சொல்லிவிடுவது நல்லது. அதற்காகக் கதையையே கைவிட வேண்டியதில்லை. ஆனால் அச்சான பிறகு வரும் சமாதானத்துக்கும் முன்பே கேட்கும் அனுமதிக்கும் வீட்டில் கிடைக்கும் மரியாதை வேறு வேறு.

நோட்டிபிகேஷன் என்னும் புதுச் சிக்கல்

பிரதிலிபி போன்ற செயலிகளில் தொடர்கதை எழுதுகிறவர்களுக்கு வேறொரு சிக்கல். அங்கே வெற்றி மாதத்துக்கு ஒருமுறை வருவதில்லை, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது. ‘அடுத்த பார்ட் எப்போ?’, ‘ஹீரோயின சேத்து வெச்சிடுங்க’, ‘இன்னைக்கு அப்டேட் இல்லையா?’ படிக்க ஆள் இருப்பது பெரிய சந்தோஷம். ஆனால் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டு கமென்ட்டுக்குப் பதில் போடுகிறவர் எழுதவும் இல்லை, வீட்டோடும் இல்லை. ஒரு மணி நேரம் எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளும் வீடு, நாள் முழுக்கப் போனைப் பார்ப்பதைப் பொறுத்துக்கொள்ளாது. அந்தக் கோபம் நியாயமானது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நடைமுறையில் ஓரளவு வேலை செய்வது, நேரத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுவதுதான். ‘டைம் கிடைக்கும்போது எழுதுவேன்’ என்பவர் எப்போதும் எழுதிக்கொண்டிருப்பது போலவே வீட்டுக்குத் தெரியும். ‘செவ்வாய், வியாழன், சனி காலை 5 முதல் 6’ என்று சொன்னால் அதற்கு ஓர் ஆரம்பமும் முடிவும் இருக்கிறது. அதற்குப் பதிலாக எதை எடுத்துக்கொள்வது என்பதையும் அப்போதே பேசிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் முழுக்க உங்கள் பொறுப்பா? இரவுப் பாத்திரம் உங்கள் வேலையா? நேரத்தைக் கொடுப்பவருக்கும் ஓர் ஆசை இருக்கும். ஜிம், பாட்டு, அல்லது சும்மா தூங்குவது. அவருடைய ஒரு மணி நேரமும் அதே காலண்டரில் ஏற வேண்டும்.

பொங்கலா, புத்தகக் காட்சியா?

தமிழ்ப் பதிப்புலகில் புதுப் புத்தகங்கள் மொத்தமாக வரும் நேரம் டிசம்பர் - ஜனவரி. காரணம் பபாசி நடத்தும் சென்னைப் புத்தகக் காட்சி. பொங்கல் விடுமுறையில்தான் கூட்டம் அலைமோதும். முதல் புத்தகம் போட்டவருக்கு, ஸ்டாலில் போய் நின்று யாராவது தன் புத்தகத்தை எடுத்துப் புரட்டுகிறார்களா என்று பார்க்க ஆசை இருக்கும். அதே நாட்களில்தான் ஊரில் பொங்கப்பானை. இரண்டு மாதம் முன்பே ரயில் டிக்கெட் போட்டாயிற்று.

‘வருஷத்துக்கு ஒரு பொங்கல்தான்’ என்பது வீட்டின் வாதம். ‘முதல் புத்தகமும் ஒரு தடவைதான்’ என்பது எழுதியவரின் வாதம். இரண்டும் சரி. குடும்பத்தையே ஒருநாள் கண்காட்சிக்கு அழைத்துப்போய், ஸ்டால் முன் போட்டோ எடுத்து, டெல்லி அப்பளமும் வாங்கிக் கொடுத்துவிட்டு மறுநாள் ரயில் ஏறுகிறவர்கள் உண்டு. வெளியீட்டு விழாவில் வீட்டார் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பதும், ‘என் மனைவிக்கு நன்றி’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டு இருபது நிமிடம் இலக்கியம் பேசுவதும் உண்டு. முன்வரிசையில் இருந்து பார்க்கும்போது அந்த ஒரு வரியின் நீளம் நன்றாகவே தெரியும்.

ஒப்பந்தம் வந்தால்

சின்ன வெற்றியின் மகிழ்ச்சியில் பலர் படிக்காமல் கையெழுத்துப் போடும் காகிதம், பதிப்பக ஒப்பந்தம். சில இடங்களில் காகிதமே கிடையாது, வாய் வார்த்தைதான். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன்படி, உரிமையை ஒருவருக்கு எழுதிக்கொடுப்பது எழுத்துபூர்வமாக, கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை வருடத்துக்கு என்று ஒப்பந்தத்தில் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து வருடம் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்த நாட்டுக்கு என்று குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும். உரிமையை வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லியிருந்தால் ஒழிய, அந்த உரிமை காலாவதியாகிவிடும். எழுத்தாளர் இறந்து 60 வருடம் வரை பதிப்புரிமை நீடிக்கும் என்பதால், இது எழுதியவரின் விஷயம் மட்டுமில்லை. பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும் சொத்து அது.

வேலை பார்க்கும் இடத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். மத்திய அரசு ஊழியர்கள் எப்போதாவது செய்யும் இலக்கியப் பணிக்கு முன் அனுமதி தேவையில்லை என்று 1964-ம் ஆண்டின் நடத்தை விதிகள் சொல்கின்றன. தனியார் நிறுவனங்களில் ஆஃபர் லெட்டரோடு வந்த நிபந்தனைகளில் ‘வேறு வருமானம்’, ‘அறிவுசார் சொத்து’ என்று தொடங்கும் பத்திகளைத் தேடிப் படியுங்கள். ஆபீஸ் லேப்டாப்பில் நாவல் எழுதுவதைத் தவிர்ப்பதும் நல்லது.

ஒப்பந்தத்தில் ராயல்டி சதவீதத்தையும் கணக்கு எப்போது வரும் என்பதையும் பார்த்தபிறகு, இன்னொரு வரியையும் தேடுங்கள். ஆசிரியருக்கு எத்தனை இலவசப் பிரதி? பத்து என்று போட்டிருந்தால், சொந்தக்காரர்களுக்கே பத்தாது. முதல் பிரதி யாருக்கு என்பதை மட்டும், பார்சல் வருவதற்கு முன்பே வீட்டில் பேசிவைத்துக்கொள்ளுங்கள்.